பாலைவன வார இறுதிச் சந்திப்பு: எல்லாரும் ஒரே வரிசையா, குழுக்களாகவா?

தடம்பதி (ஒருங்கிணைப்பு)

எல்லாருக்கும் வணக்கம். இந்த முறை நம் பைக் கிளப்பின் சந்திப்பு பாலைவனத்தில்தான் என்று முடிவாகிவிட்டது. வெள்ளி சாயங்காலம் போய்ச் சேர்கிறோம், ஞாயிறு வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுகிறோம். தேதி, இடம் பற்றி இனிப் பேச்சில்லை. சனிக்கிழமை ரைடை எப்படி நடத்துவது என்பதை மட்டும் இங்கே பேசித் தீர்த்துக்கொள்வோம்.

என் யோசனை இது. மணல்மேடுகள் ஆரம்பிப்பதற்கு முன்னால் கெட்டித் தரை இருக்கிறது, அங்கே கூடாரம் போடுவோம். சனி காலை வெளிச்சம் வந்ததும் ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகக் கிளம்புவோம். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒரு லீட், கடைசியில் ஒரு ஸ்வீப். குழுவில் யார் மெதுவாக ஓட்டுகிறாரோ அவருடைய வேகம்தான் அந்தக் குழுவின் வேகம். பத்து மணிக்குள் எல்லாரும் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். நாலு மணிக்கு மேல் விருப்பப்பட்டவர்கள் மறுபடி போகலாம்.

மணலில் சக்கரமே வைக்காதவர்கள் இந்த முறை நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அங்கே வந்து சொல்லாதீர்கள்.

ஆயிரம்சிசி

தடம்பதி, உங்கள் உழைப்புக்கு முழு மரியாதை. ஆனால் இது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்ற நாட்களில் அவரவர் பக்கத்தில் நாலைந்து பேராகத்தான் ஓட்டுகிறோம். கிளப் முழுக்க ஒன்று சேர்வது இந்த ஒரு வார இறுதியில்தான். அதையும் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால் யார் முகத்தை யார் பார்ப்பது? எல்லா வண்டியும் ஒரே வரிசையில் அந்த வெட்டவெளியில் போவதைப் பார்க்கத்தான் நான் வருகிறேன். தூரத்து மணல்மேடு வரை போகாமல் பத்து மணிக்குத் திரும்புவது என்றால் அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்?

புதியவர்கள் பின்னால் வரட்டும். நாம் ஆங்காங்கே நின்று கூட்டிக்கொண்டு போவோம். இத்தனை காலமும் அப்படித்தானே செய்தோம்.

நெடுவழி

"ஆங்காங்கே நின்று" என்கிறீர்களே, அங்கேதான் ஆபத்து.

நான் ஸ்வீப்பாகப் போன ஒரு ரைடில் நடந்ததைச் சொல்கிறேன். முன்னால் போனவர்கள் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது பக்கம் திரும்பினார்கள். நடுவில் வந்த ஒருவர் தூசியில் எதுவும் தெரியவில்லை என்று இடைவெளி விட்டிருந்தார், அது நியாயம்தான். அவர் அந்த இடத்துக்கு வந்தபோது தூசி அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் டயர் தடம். இடது பக்கத் தடம் ஆழமாகத் தெரிந்ததால் அதில் போய்விட்டார். அது யாரோ எப்போதோ போன ஜீப் தடம். நான் வந்து பார்த்தபோது அந்த இடது தடத்தின் உள் ஓரத்தில் அவருடைய முன் டயரின் கட்டம் கட்டமான அச்சு இருந்தது. விளிம்பு இன்னும் சரியாமல் கூராக நின்றது, அதனால் புதுசு என்று தெரிந்தது. அதை வைத்துத்தான் அவர் பின்னால் போனேன். காற்று கொஞ்சம் பலமாக அடித்திருந்தால் அந்த அச்சும் இருந்திருக்காது. முன்னால் போனவர்களோ, இன்னும் சில திருப்பம் தாண்டி நின்று, "வந்துகொண்டிருப்பார்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. முறை என்று ஒன்று இல்லை, அவ்வளவுதான்.

முறை என்று நான் எதைச் சொல்கிறேன்? லீட் எந்த இடத்தில் திரும்பினாலும் தனக்கு அடுத்து வருபவரை அங்கே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். நின்றவர் ஸ்வீப் கண்ணில் படும்வரை அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் இன்னொருவர் நிற்பார். இப்படிச் சுழன்றுகொண்டே போனால் ஒருவர் எவ்வளவு மெதுவாக வந்தாலும் வழி தவற வாய்ப்பில்லை. ஆனால் கிளப்பே ஒரே வரிசையாகப் போனால், திருப்பத்தில் நிற்பவர் வெயிலில் வெகுநேரம் காய வேண்டும். பொறுமை இழந்து ஒருவர் கிளம்பினால் போதும், அங்கே சங்கிலி அறுந்துவிடும்.

தியரி சபீன் 1977ல் அபிஜான்-நீஸ் ராலியில் பைக்கோடு லிபியப் பாலைவனத்தில் வழி தவறி, பிறகு மீட்கப்பட்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் 26ல் பாரிஸிலிருந்து பாலைவனம் கடந்து ஓடும் முதல் டக்கார் ராலியைக் கிளப்பியவர் அவர்தான். அவருக்கே அந்த நிலை என்றால் வார இறுதிக்கு வரும் நாம் எம்மாத்திரம்?

ஆயிரம்சிசி

நெடுவழி அண்ணா, நீங்கள் சொல்லும் முறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஐந்து பேர் போதாது. லீட், ஸ்வீப் போக மிச்சம் மூன்று பேர். அடுத்தடுத்து மூன்று திருப்பம் வந்தால் லீட் தனியாகிவிடுவார், அதற்கப்புறம் ஸ்வீப் வரும்வரை அவரும் நிற்க வேண்டியதுதான். குழு கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் இது ஓடும்.

தடம்பதி (ஒருங்கிணைப்பு)

இது நல்ல பாயின்ட். எட்டிலிருந்து பத்துப் பேர் என்று மாற்றிக்கொள்வோம். தூரத்து மேடு பற்றி அப்புறம் வருகிறேன்.

புதுச்சக்கரம்

அண்ணன்மார்களே, அக்காமார்களே, நான் புதிது. வண்டி 250 சிசி, டியூப் டயர். மண் ரோட்டில் ஓட்டியிருக்கிறேன், மணலில் ஓட்டியதே இல்லை. டயரில் காற்று எவ்வளவு குறைக்க வேண்டும்? முன் சக்கரம் பாம்பு மாதிரி நெளியும் என்கிறார்களே, அப்போது என்ன செய்வது? பெரிய வண்டிகளோடு வந்தால் உங்களுக்கு இடைஞ்சலாக இருப்பேனோ என்றுதான் யோசனை.

ஸ்பேனர்12

தம்பி, 250 சிசி என்று தயங்காதே. மணலில் எடை குறைந்த வண்டிக்குத்தான் ராஜ வாழ்க்கை. இடைஞ்சல் என்றால் கால் டன் எடையோடு வரும் எங்களைப் போன்றவர்கள்தான்.

தார் ரோட்டில் 28, 30 பிஎஸ்ஐ வைத்திருப்பாய். மணலுக்குள் இறங்குமுன் 18 வரை இறக்கு. காற்று குறைந்தால் டயர் தரையைத் தொடும் பகுதி நீளமாகும், எடை பரவும், சக்கரம் மணலை அறுத்துக்கொண்டு உள்ளே போகாமல் மேலே நிற்கும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போட்ட வண்டிக்காரர்கள் இன்னும் கீழே இறக்குவார்கள், அவர்களைப் பார்த்து நீ செய்யாதே. ரிம் லாக் இல்லாத சக்கரத்தில் காற்று ரொம்பக் குறைந்தால் டயர் ரிம்மின் மேல் நழுவும், டியூபையும் சேர்த்து இழுக்கும், வால்வு அடியோடு கிழியும். அந்தக் கிழிசலுக்கு ஒட்டு நிற்காது, டியூபையே மாற்ற வேண்டியதுதான்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வால்வின் அடியில் ஒரு சின்ன நட் இருக்கும். அதை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல் மேலே ஏற்றி, மூடியோடு ஒட்டி வைத்துவிடு. டயர் நழுவ ஆரம்பித்தால் வால்வு ஒரு பக்கமாகச் சாயும், கண்ணால் பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஒரு பார்வை பார். சாய்ந்திருந்தால் காற்றை முழுக்க இறக்கி, டயரை நேர் செய்துவிட்டு மறுபடி ஏற்று. கல் தரைக்குத் திரும்பியதும் பம்பை எடுத்து முதல் வேலையாகக் காற்றை ஏற்றிவிடு, இல்லையென்றால் ரிம் அடி வாங்கும்.

செயினில் எண்ணெய் சொட்டச் சொட்ட வராதே. அந்தப் பசையில் மணல் ஒட்டிக்கொண்டு செயினையும் பல் சக்கரத்தையும் அரைத்துத் தின்றுவிடும். துடைத்துவிட்டு உலர்வாக வா. ஏர் ஃபில்டர் உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு, அதில் ஒரு கயிறு கட்டி ஹேண்டிலில் மாட்டிவை. அது இல்லாமல் வண்டியை நிறுத்தினால் திரும்பிப் பார்ப்பதற்குள் ஸ்டாண்டு இறங்கி வண்டி படுத்துவிடும்.

புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை முறுக்காதே. பின் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும், கிளட்ச் கருகும். இன்ஜினை நிறுத்து. வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவை, சக்கரம் குழியிலிருந்து வெளியே வந்துவிடும். குழியை மணலால் மூடு, நிமிர்த்து, ஒருவர் பின்னால் தள்ள மெதுவாக எடு. ஆளுக்கு ஐந்து நிமிஷம்தான் ஆகும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கள்ளிச்செடி

முன் சக்கரம் நெளிவது பற்றிக் கேட்ட தம்பிக்கு: நெளியட்டும், விட்டுவிடு. மணலில் முன் சக்கரம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால்தான் விழுவாய். எழுந்து நின்று ஓட்டு, முழங்கால் இரண்டாலும் டேங்கைக் கவ்விக்கொள், உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளு. பார்வை தூரத்தில் இருக்கட்டும், சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பார்க்காதே. பயம் வரும்போது கை தானாகவே ஆக்ஸிலேட்டரை விடும். விட்டால் எடை முன்னால் சாயும், முன் சக்கரம் மூக்கைப் புதைக்கும். அந்த நேரத்தில் இன்னும் ஒரு துளி கொடுக்க வேண்டும். சொல்வது சுலபம், உடம்பு கேட்காது, அதனால்தான் வெள்ளி சாயங்காலமே முகாமுக்குப் பக்கத்துத் தட்டை மணலில் பழக்கிவிட வேண்டும் என்கிறேன். டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கினால் இன்ஜின் சக்தியைத் தானே குறைக்கும் வசதி) உள்ள வண்டிக்காரர்கள் அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வேண்டிய நேரத்தில் இன்ஜின் அடங்கிப்போகும்.

அந்தப் பழக்கத்துக்கு நான் பொறுப்பேற்கிறேன். யாராவது இரண்டு பேர் கூட வாருங்கள்.

ஸ்பேனர்12

நான் வருகிறேன்.

மருந்துப்பெட்டி

பத்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்று தடம்பதி சொன்னதை யாரும் பேரம் பேசாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று நம்மைக் குளிரவைக்கும். அதைத் தாண்டிவிட்டால் அதே காற்று உடம்புக்குள் சூட்டை ஏற்றும். அப்போது வியர்வை ஆவியாவது ஒன்றுதான் நம்மைக் காப்பாற்றும். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் வியர்ப்பதே நமக்குத் தெரியாது, சட்டை நனையாது, தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும். வெயிலில் மணலோடு மல்லுக்கட்டும்போது ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் போவது சாதாரணம். ஆகவே ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு டிஷர்ட்டோடு ஓட்டுவது தப்பு. உள்ளே ஈரத்துணி, மேலே ஜாக்கெட், காற்றுத் துளைகளைப் பாதி மூடிவிடுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. வியர்வையில் உப்பும் போகிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும்.

ஸ்வீப்பாக வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலைவலி, குமட்டல், களைப்பு என்று ஒருவர் தானே சொன்னால் நிழலில் உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, நனைத்துவிட்டால் பெரும்பாலும் தேறிவிடுவார். ஆனால் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ அது வெப்பத் தாக்கு, உயிருக்கு ஆபத்து. அவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட்டைக் கழற்றி, இருக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள், அதே நேரத்தில் உதவிக்கு அழையுங்கள். குடிக்க மிச்சம் வைக்க வேண்டுமே என்று அந்த நேரத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் குழுவில் இத்தனை பேர் தண்ணீர் சுமந்து வருகிறோம்.

இரவு நேர்மாறு. ஈரமும் மேகமும் இல்லாததால் தரை வாங்கிய சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். பகலைவிட 20 டிகிரி வரை இறங்கலாம். கனமான போர்வை இல்லாமல் வராதீர்கள். காலையில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் ஏறியிருக்கலாம்.

கள்ளிச்செடி

யாரும் கேட்கத் தயங்கும் ஒன்றை நானே கேட்கிறேன். கழிப்பிடம் என்ன ஏற்பாடு? மரம் இல்லை, மறைவு இல்லை. பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், மருந்துப்பெட்டி சொன்னதெல்லாம் அங்கேயே வீணாகிவிடும். முகாமில் ஒரு மறைப்புக் கூடாரம் தனியாக வேண்டும். ரைடில் நிற்கும் இடங்களில் ஒரு பெரிய துணியும் இரண்டு கம்பும் போதும். வறண்ட மண்ணில் கழிவு மட்குவதே இல்லை என்று சொல்லலாம், காகிதமும் ஈரத்துடைப்பானும் பல வருஷம் அப்படியே கிடக்கும். கட்டி எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

இன்னொன்று. பாலைவனம் என்றால் வெறும் மணல், எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். மேடுகளுக்கு வெளியே சில இடங்களில் மண்மேல் கறுப்பாக, முடிச்சு முடிச்சாக ஒரு பொருக்கு தெரியும். அது உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. ஒரு டயர் ஏறினால் உடைந்துவிடும், பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில் அந்நாட்டு ராணுவ ஜெனரல் பாட்டன் 1942ல் தொடங்கிய பயிற்சி முகாமின் டாங்கித் தடங்கள் இன்னும் அழியாமல் கிடக்கின்றன. அதே மொஹாவேயில் பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகாஸ் வரை 1967ல் தொடங்கிய பைக் பந்தயம் 1974க்குப் பிறகு பல வருஷம் நிறுத்தப்பட்டது, நிலத்துக்கு ஏற்பட்ட சேதம்தான் வாதம். பைக்காரர்களுக்குக் கதவு மூடுவது இப்படித்தான். இருக்கிற தடத்தில் போவோம், மேட்டில் ஏறுவதானால் வெறும் மணலில் மட்டும் ஏறுவோம். விறகும் அங்கே பொறுக்க வேண்டாம், காய்ந்த புதருக்கு அடியில்தான் அங்குள்ள பிராணிகள் பகலைக் கழிக்கின்றன.

ஆயிரம்சிசி

கள்ளிச்செடி சொன்னது எல்லாம் சரி. மறைப்புக் கூடாரம் நான் கொண்டுவருகிறேன், என் வண்டியில் இடம் இருக்கிறது.

தூரத்து மேட்டை நான் இன்னும் விடவில்லை. காலையிலேயே கிளம்பினால் பழகியவர்கள் குழு ஒன்று அதுவரை போய்ப் பத்துக்குள் திரும்ப முடியும். மற்ற குழுக்கள் தங்கள் வேகத்தில் போகட்டும். எல்லாரையும் மெதுவான வேகத்துக்குக் கட்டிப்போடுவதும் நியாயமில்லை. ஆசையை அடக்கிக்கொண்டு வருபவன் பாதி வழியில் பொறுமை இழந்து முறையை உடைப்பான்.

நெடுவழி

இது நேர்மையான பேச்சு. பழகியவர்கள் தனிக் குழுவாகப் போவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அந்தக் குழுவுக்குள்ளும் கடைசி ஆளின் வேகம்தான் வேகம், அதில் மாற்றமில்லை.

மேட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். காற்று வரும் பக்கம் சரிவு குறைவாக, கெட்டியாக இருக்கும். மறுபக்கம் 32, 34 டிகிரிச் சரிவில் பொலபொலவென்று நிற்கும், கால் வைத்தால் ஓடும். கெட்டிப் பக்கத்தில் வேகமாக ஏறி, உச்சியைத் தாண்டிப் பறந்து, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விழுபவர்கள்தான் எலும்பை முறித்துக்கொள்கிறார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே வேகத்தைக் குறைத்து, மேட்டுக்கு இணையாகத் திரும்பி நின்று எட்டிப்பார்த்துவிட்டு இறங்குங்கள். காற்று திசை மாறியிருந்தால் நேற்றுப் பார்த்த மேடு இன்று அதே மேடு இல்லை.

வெளிச்சமும் முக்கியம். காலையிலும் மாலையிலும் நிழல் விழுவதால் ஏற்ற இறக்கம் தெரியும். உச்சி வெயிலில் நிழலே இல்லை, எதிரே பள்ளம் இருந்தாலும் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். காலை மணலில் இரவின் ஈரம் கொஞ்சம் ஒட்டியிருந்தால் பிடிமானமும் கூடும்.

ஒவ்வொரு வண்டிக்கும் கொடிக்கம்பம் வேண்டும். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி பறக்க வேண்டும் என்பது விதி. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஏறி வருவது இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிய அது ஒன்றுதான் வழி. நாமும் அதே உயரத்தை வைத்துக்கொள்வோம்.

புதுச்சக்கரம்

சனி இரவு நிலா வெளிச்சத்தில் ஒரு ரைடு உண்டு என்று யாரோ சொன்னார்கள். உண்டா?

தடம்பதி (ஒருங்கிணைப்பு)

இல்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில் மணலின் பள்ளம் தெரியாது, விழுந்தவரைத் தேடுவதும் முடியாது. இரவில் முகாமைவிட்டு எந்த வண்டியும் கிளம்பாது. இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மற்றவை: குழுவுக்கு எட்டிலிருந்து பத்துப் பேர். தூரத்து மேட்டுக் குழுவுக்கு ஆயிரம்சிசி லீட், நெடுவழி அண்ணா ஸ்வீப். புதியவர்கள் குழுவுக்குக் கள்ளிச்செடி லீட், ஸ்வீப்பாக ஸ்பேனர்12. மருந்துப்பெட்டி முகாமில் இருப்பார். சேட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒவ்வொரு குழுவிலும் ஒன்று, அது ஸ்வீப்பிடம் இருக்கும், லீட்டிடம் அல்ல. விழுபவர்கள் பின்னால்தான் இருப்பார்கள். சனி பகலில் பத்து முதல் நாலு வரை எல்லாரும் ஒரே பந்தலுக்கு அடியில்தான் இருக்கப் போகிறோம், ஆயிரம்சிசி கேட்ட முகம் பார்க்கும் நேரம் அது. கிளப் முழுக்க ஒரே வரிசையில் போவது ஞாயிறு காலை, முகாமிலிருந்து தார் ரோடு வரை. அந்தப் பாதை அகலம், திருப்பம் இல்லை.

மழை பெய்தால், தூரத்தில் பெய்தால்கூட, வறண்ட ஏரிப்படுகை வழியாகப் போகும் பாதையைக் கைவிடுவோம். மேலே காய்ந்தது போலத் தெரியும், கீழே சேறு வண்டியை விழுங்கிவிடும். காய்ந்த ஆற்றுப் பள்ளத்தில் யாரும் கூடாரம் போடக் கூடாது, எங்கோ பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும்.

ஆயிரம்சிசி

இரவு ரைடு இல்லை என்பதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சரி. ஞாயிறு வரிசைக்கு நன்றி.

ஸ்பேனர்12

பெட்ரோல் பற்றி யாரும் பேசவில்லை. மணலில் கீழ் கியரிலேயே ஓடுவதால் வழக்கமான மைலேஜை நம்பாதீர்கள், பாதிதான் கிடைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன டேங்க் வண்டிக்காரர்கள் உங்கள் டேங்க் கொள்ளளவை இங்கே எழுதுங்கள், எத்தனை கேன் முகாமுக்கு வர வேண்டும் என்று பார்த்துவிடலாம்.

புதுச்சக்கரம்

என்னுடையது 11 லிட்டர்.